உதடு மட்டும் அசையட்டும்

ஹெஸ்கேல் ஷஹ்ரபானிக்கு அக்கார்டியன் என்றால் ஆகாது. அந்த ஆகாத பெட்டியைத்தான் இருபத்தெட்டு வருஷம் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் பள்ளிக்கூடத்தில் எபிரேயப் பாட்டு சொல்லிக் கொடுத்தார். ஊரில் யாரைக் கேட்டாலும் "அக்கார்டியன் வாத்தியார்" என்றால்தான் தெரியும். அவர் உண்மையில் வயலின்காரர் என்று நினைவில் வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் நான் ஒருத்தி. அந்த வயலினைப் பெட்டிக்குள் போட்டு மூட வைத்ததும் நான்தான். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நான் எழுதிய ஒரு கடிதம் செய்த வேலை அது.

ஐம்பத்திரண்டாம் வருஷம். யூதர்களின் புது நாட்டில், பேர்ஷேபாவுக்கு வடக்கே தகரக் கொட்டகையும் கூடாரமுமாக ஒரு முகாம். கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்கியவர்களை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். பாக்தாத்காரர்கள் பாதி, மொராக்கோக்காரர்களும் யேமன்காரர்களும் மீதி, நடுவில் ருமேனியாவிலிருந்து வந்த எங்களைப் போல நாலைந்து குடும்பம். எனக்கு இருபத்துமூன்று வயது. எபிரேயம் எழுதப் படிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக என்னை மூன்றாம் வகுப்பு டீச்சர் ஆக்கினார்கள். என் உச்சரிப்பைக் கேட்டால் தபால்காரருக்கே சிரிப்பு வரும்.

வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். தங்களுக்குள் அரபியில் அடித்துக்கொள்வார்கள், சிரிப்பார்கள், கோள் சொல்வார்கள். நான் கரும்பலகையைத் தட்டி "எனக்கு ரொட்டி வேண்டும், சொல்லுங்க" என்றால் ஒரு வாயும் திறக்காது. மூன்று மாதம் அப்படி. வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

ஹெஸ்கேல் வகுப்புக்கு வந்தது வேலைக்காக அல்ல. அவர் மகள் ஹபீபா பள்ளிக்கூடம் என்றாலே கூடாரக் கம்பைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றாள். அதனால் அவளோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முப்பத்தாறு வயது, ஒல்லி, கசங்கிய கோட்டு, இடது கையில் இரண்டு விரல்களுக்குத் துணி சுற்றியிருந்தது. பாக்தாதில் பகலில் ரயில்வே குமாஸ்தா, மாலையில் கல்யாண வீடுகளில் வயலின். இங்கே வந்தபின் ரோடு போடும் இடத்தில் கல் உடைத்தார். அன்று மழை, வேலை இல்லை.

நான் வழக்கம்போல ரொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மெல்ல ஒரு முனகல். என்னுடைய அந்த வறட்டு வாக்கியத்தையே அவர் ராகம் போட்டு முனகினார். ஹபீபா கூடச் சேர்ந்துகொண்டாள். அடுத்த பெஞ்சு திரும்பிப் பார்த்தது. அதுவும் சேர்ந்தது.

"சார், நிறுத்தாதீங்க" என்றேன்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். பழக்கதோஷம்."

"மன்னிப்பெல்லாம் வேணாம். இன்னும் சத்தமா பாடுங்க."

மறுநாள் வயலினோடு வந்தார். தலைமையாசிரியர் ஆறு மாதத்துக்குத் தற்காலிகப் பாட்டு உதவியாளர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஹெஸ்கேல் விரலில் இருந்த துணி அந்த வாரமே அவிழ்ந்தது. அவர் மனைவி குர்ஜியா ஒரு நாள் என்னிடம் வந்து, "டீச்சரம்மா, இந்த மனுஷன் பெட்டி ஒண்ணத் தூக்கிட்டு வந்தப்போ, சட்டி பானை விட்டுட்டு இத எடுத்துட்டு வர்றீங்களே, அடுப்பெரிக்கவான்னு கேட்டேன். இப்போ அதுதான் அடுப்பெரிக்குது" என்று சொல்லி, ஒரு கிண்ணம் கத்திரிக்காய் கொடுத்துவிட்டுப் போனாள்.

எங்களுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. அவர் பாட்டாலேயே பாடம் கட்டினார். ரொட்டிக் கடைப் பாட்டு, பஸ் ஏறும் பாட்டு, "எங்கே வலிக்குது" பாட்டு. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பாட, தாய்மார்கள் துணி துவைக்கும்போது பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் முகாம் மருத்துவமனை நர்ஸ் என்னை வழிமறித்தாள்.

"உங்க பள்ளிக்கூடத்துல என்னதான் சொல்லித் தர்றீங்க? இன்னைக்கு ஒரு மொராக்கோக்காரம்மா வந்தா. என்ன உடம்புக்குன்னு கேட்டா, வயித்தப் பிடிச்சுக்கிட்டுப் பாடறா."

"என்ன பாடினா?"

"மேல் வயிறு வலிக்குது, நேத்திலேர்ந்து வலிக்குது. ரெண்டு சரணம்."

"உங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சுது" என்று ஒப்புக்கொண்டு போனாள்.

பனிக்காலம் வந்தபோது நாற்பத்தொரு பிள்ளைகளும் எபிரேயத்தில் என்னை எதிர்த்துப் பேசினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹெஸ்கேலின் தற்காலிக வேலை மாத முடிவில் தீர்ந்துவிடும். பிறகு மறுபடி கல் உடைக்கப் போக வேண்டும். ஏற்கனவே ஒரு நகம் நசுங்கிப்போயிருந்த கை அது. இன்னொரு முறை சம்மட்டி பிடித்தால் வயலினுக்கு லாயக்கில்லாமல் போகும் என்று அவரே சொல்லியிருந்தார். சும்மா இருந்திருக்கலாம். நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. "எங்கள் வகுப்பின் பாட்டைத் தாங்கள் நேரில் வந்து கேட்க வேண்டும்" என்று மேலிடத்து இசை மேற்பார்வையாளருக்கு மூன்று பக்கம் எழுதினேன். ஹெஸ்கேலுக்கு ஒரு நிரந்தர வேலை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

மேற்பார்வையாளர் டாக்டர் ஃபிஷ்லர் சேற்றில் நடந்து வந்தார். ஜெர்மனியில் படித்த மனிதர். கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வழியில் ஒரு பிள்ளையின் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மரம் நடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் பாட்டுப் புத்தகத்தில் வந்திருந்த கன்றுப் பாட்டைப் பாடச் சொன்னார். "கன்றே, வேர் பிடி, காற்று வந்தால் நின்றுவிடு" என்று தொடங்கும். ஹெஸ்கேல் வில்லை எடுத்தார். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். டாக்டரும் கண்ணை மூடினார். ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்து பையிலிருந்து சுருதி பார்க்கும் இசைக்கவையை எடுத்தார். முழங்காலில் தட்டி மேஜைமேல் நிறுத்தினார். மேஜையே ரீங்கரித்தது.

"மறுபடி பாடட்டும். ஒவ்வொருத்தரா."

நாற்பத்தொரு பேரையும் தனித்தனியாகப் பாட வைத்தார். கையில் என் வருகைப் பதிவேட்டின் நகல். ஒரு பெயருக்கு எதிரே கோடு, இன்னொன்றுக்கு எதிரே பெருக்கல் குறி. முடிவில் ஏழு கோடு, முப்பத்துநாலு பெருக்கல். ஹபீபாவுக்கும் பெருக்கல்தான்.

"உங்க வயலின் சுருதி இறங்கியிருக்கு" என்றார் ஹெஸ்கேலிடம், மரியாதையாகவே.

"இறங்கல டாக்டர். அந்த இடத்துல அது அப்படித்தான் நிக்கணும்."

"எந்த இடத்துல?"

"நடுவுல."

"நடுவுல ஒண்ணும் இல்லையே" என்றார் டாக்டர். உண்மையிலேயே புரியாமல்தான் சொன்னார். சுவரோரம் இருந்த உடைந்த பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினார், அடுத்ததைத் தட்டினார். "இது இருக்கு, இது இருக்கு. நடுவுல மரம்தான் இருக்கு."

ஹெஸ்கேலின் ஊர்ப் பாட்டு, பியானோவில் கட்டை இல்லாத அந்த நடுச் சுரத்தில்தான் குடியிருந்தது. அவர் எபிரேயப் பாட்டையும் அங்கே குடிவைத்திருந்தார். பிள்ளைகளுக்கும் அவர்கள் தாய்மாருக்கும் அது வீட்டுப் பாட்டாகக் கேட்டது, அதனால் வாய் திறந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அன்று எனக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது. ஞானசூனியம்.

டாக்டர் போகும்போது முடிவைச் சொன்னார். மரம் நடும் நாளன்று இந்த வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் மலைச்சரிவில் கூடும், பெரியவர்கள் வருவார்கள். "நாப்பத்தொரு பேரும் நிக்கட்டும். பார்க்க நல்லா இருக்கும். ஏழு பேர் பாடட்டும், மத்தவங்க உதடு மட்டும் அசைக்கட்டும். நான் ஒரு அக்கார்டியன் அனுப்பறேன், அது பிள்ளைங்களைத் தப்பான வழிக்குப் போகவிடாது." பிறகு ஹெஸ்கேலின் தோளைத் தொட்டார். "உங்களுக்குப் பிள்ளைங்க கிட்ட ஒரு வசியம் இருக்கு. இதைச் சரியா செஞ்சீங்கன்னா நிரந்தரத்துக்கு நானே எழுதறேன்."

அவர் போனபின் ஹெஸ்கேல் கொட்டகைப் படியில் உட்கார்ந்து, இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன யோசனை?" என்றேன்.

"பிள்ளைங்க கிட்ட என்னன்னு சொல்றது?"

"விளையாட்டுன்னு சொல்லுங்க. ஊமை விளையாட்டு. ஒரு நாள் கூத்துதானே, முடிஞ்சா உங்க வேலை உங்க கையில."

"ஒரு நாள்தான் இல்ல?"

"ஒரே நாள்."

நான் சொன்னதுதான் அது, வார்த்தை மாறாமல். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட நான் விட்டிருக்க மாட்டேன். வயலினை என் வகுப்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே கொடுத்தார். வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது என்றார்.

மறுநாள் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து நிறுத்தினார். ஏழு பேர் ஜன்னல் பக்கம், முப்பத்துநாலு பேர் கதவுப் பக்கம். ஊமை விளையாட்டு என்றதும் சிரித்தார்கள். ஒருவர் வாயை ஒருவர் பார்த்து அசைத்துக் காட்டினார்கள். ஹபீபா மட்டும் நடுவில் நின்றாள்.

"அப்பா, நான் எந்தப் பக்கம்?"

"பட்டியல்ல இருக்கேம்மா."

"அது அவரு போட்டது. நீங்க சொல்லுங்க. நான் எந்தப் பக்கம்?"

அவள் பாட்டு முழுக்க அவர் மடியில் உட்கார்ந்து கற்றது. அவர் பாடுகிறபடியே பாடுவாள், இம்மி பிசகாது. ஹெஸ்கேல் அக்கார்டியனின் வாரைச் சரிசெய்தார். வார் சரியாகத்தான் இருந்தது.

"அந்தப் பக்கம் நில்லு. உதடு மட்டும் அசைச்சாப் போதும்."

அவள் போய்க் கதவுப் பக்கம் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேனோ என்னவோ.

மலைச்சரிவில் அன்று நல்ல காற்று. ஆளுக்கொரு கன்று நட்டார்கள். ஏழு பேர் பாடினார்கள், முப்பத்துநாலு பேர் அசைத்தார்கள். பார்த்தவர்களுக்கு நாற்பத்தொரு பேரும் பாடுவதுபோலத்தான் இருந்தது. பெரியவர்கள் கைதட்டினார்கள். டாக்டர் ஃபிஷ்லர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பஸ்கா பண்டிகைக்கு முன்னாலேயே நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. குர்ஜியா எனக்கு மறுபடி கத்திரிக்காய் கொண்டுவந்தாள். அதை நான் சாப்பிடவும் சாப்பிட்டேன்.

ஒரு நாள் என்று நான் சொன்னேன் அல்லவா, அது ஒரு நாளோடு போகவில்லை. அடுத்த வருஷமும் மரம் நடும் நாள் வந்தது, சுதந்திர தினம் வந்தது, வாரக் கடைசி ஓய்வுநாள் வரவேற்பு வந்தது. ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் ஹெஸ்கேலே இசைக்கவையை முழங்காலில் தட்டிப் பிள்ளைகளைப் பிரித்தார். பாடுகிறவர்கள், உதடுகள். பள்ளிக்கூடம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மைதானத்தில் சண்டை வந்தால் "போடா உதடு" என்பார்கள், எதிராளி வாயடைத்துப் போவான். மருத்துவமனையில் யாரும் பாடுவதில்லை என்று நர்ஸ் ஒரு முறை சொன்னாள், அதை ஒரு முன்னேற்றமாகச் சொன்னாள்.

ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "இப்ப உங்களைக் கேக்க யாரு இருக்கா? நிரந்தரம் ஆயாச்சு. எல்லாரையும் பாட விட்டாத்தான் என்ன?"

"விட்டா, அன்னைக்கு அந்த முப்பத்துநாலு பேரையும் எதுக்கு நிறுத்தினேன்னு ஆயிடும் டீச்சர்" என்றார். "ஒரு தடவை செஞ்சது சரின்னு ஆகணும்னா ஒவ்வொரு வருஷமும் செய்யணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

ஹபீபா என்ன செய்தாள் தெரியுமா? பள்ளி விட்டபின் காலி வகுப்பில் அக்கார்டியன் முன்னால் உட்கார்ந்துகொள்வாள். பெட்டி அவளைவிடப் பெரிது, அதனால் மேஜைமேல் வைத்து ஒரு கையால் இழுத்து ஒரு கையால் ஒரே ஒரு கட்டையை அழுத்துவாள். அதோடு சேரும்வரை அதே சுரத்தைப் பாடுவாள். தினமும் அரை மணி, இரண்டு வருஷம். பத்து வயதில் அப்பாவின் இசைக்கவைக்கு முன் நின்றாள். ஒரு பிசிறு இல்லை. ஹெஸ்கேல் பதிவேட்டில் கோடு போட்டார். அவள் ஜன்னல் பக்கம் நடந்து போனதைப் பார்த்து நான் கைதட்டினேன். அரபிப் பெயரையும் பள்ளியில் எபிரேயத்தில் அஹுவா என்று மாற்றிக்கொண்டாள். இரண்டுக்கும் அன்புக்குரியவள் என்றுதான் பொருளாம். வீட்டிலும் அப்படியே கூப்பிடச் சொன்னாள், கூப்பிட்டார்கள்.

பயிற்சிக் கல்லூரிக்குப் போய், எங்கள் பள்ளிக்கே இசை டீச்சராகத் திரும்பி வந்தாள். முகாம் போய் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டிருந்தன. அருமையான டீச்சர், குறையே சொல்ல முடியாது. வந்த முதல் வருஷமே உதடு வரிசையை ஒழித்தாள். "எந்தப் பிள்ளையையும் ஊமையா நிக்க வைக்க மாட்டேன். சேரலன்னா சேர்ற வரைக்கும் சொல்லிக் கொடுப்பேன்" என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். சொன்னபடி செய்தாள். ஒவ்வொரு பிள்ளையையும் கட்டையோடு சேர்த்து வைத்தாள்.

இடையில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆகஸ்டிலும் பள்ளிக்கூடம் காலியாகக் கிடக்கும்போது ஹெஸ்கேல் என்னிடம் சாவி கேட்பார். வகுப்பைச் சாத்திக்கொண்டு வயலினுக்கு நரம்பு மாற்றுவார். பிறகு ஒரு மணி நேரம் வாசிப்பார். நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வெளியே நிற்பேன். இருபத்தெட்டு ஆகஸ்ட் கேட்டு என் மரக்காதுக்கும் அந்த நடு இடம் பிடிபட்டது. அங்கே மரம் இல்லை.

எண்பத்தொன்றில் அவருக்கு ஓய்வு. அஹுவாதான் விழாவை நடத்தினாள். பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்து வரவழைத்திருந்தாள். என்னுடைய அந்த நாற்பத்தொரு பேரில் பதினைந்து பேர் வந்திருந்தார்கள், தொந்தியும் வழுக்கையும் பிள்ளைகுட்டியுமாக. அவர்களை மேடையில் நிறுத்திக் கன்றுப் பாட்டைப் பாடச் சொன்னாள். முன்வரிசையில் ஹெஸ்கேலும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே என் பக்கம் சாய்ந்தார்.

"டீச்சர், நாலு பேர்தான் பாடறாங்க."

"பதினஞ்சு பேர் நிக்கறாங்களே. வாய் அசையுதே."

"நாலு" என்றார்.

அவர் காது பொய் சொல்லாது. நான் எழுந்து என் வகுப்புக்குப் போனேன். ஓடினேன் என்றே சொல்லலாம், ஐம்பத்திரண்டு வயதில். அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தேன். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்.

 வாத்தியாருக்கு வயலினும் வருமா என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. அவர் தாடையில் அதைப் பொருத்திக்கொண்டு கன்றுப் பாட்டின் முதல் அடியை வாசித்தார். ஐம்பத்திரண்டாம் வருஷத்துக் கொட்டகையில் வாசித்ததுபோல, அந்த நடு இடத்தில் நின்று, அங்கிருந்து இறங்கி.  மேடையின் கடைசியில் பஸ் ஓட்டுகிற நிசீம் நின்றான், மொராக்கோக்காரன், கதவுப் பக்கத்துப் பிள்ளை.  அவனிடமிருந்து நூலிழைபோல ஒரு சத்தம் வந்தது. கன்றே, வேர் பிடி.

அஹுவா முன்னால் வந்தாள். அப்பாவின் முழங்கையை அவ்வளவு பிரியமாகத் தொட்டாள். வில் நின்றது.

"அப்பா, சுருதி சேரலப்பா."

அரங்கத்தில் அன்பாகச் சிரித்தார்கள். வயதான மனிதர், ஆசைக்கு எடுத்துவிட்டார். நிசீம் வாயை மூடிக்கொண்டான்.

ஹெஸ்கேல் மகளைப் பார்த்தார். சொல்வார் என்று காத்திருந்தேன். நடுவில் என்ன இருக்கிறது என்று இப்போதாவது சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நானாவது எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்று நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஆமாம்மா" என்றார். "விரல் மரத்துப்போச்சு."

வயலினைப் பெட்டியில் வைத்து, இரண்டு கொக்கியையும் மாட்டிவிட்டு, மேடையிலேயே மற்றவர்களோடு வரிசையில் போய் நின்றார். அஹுவா அக்கார்டியனை மாட்டிக்கொண்டு சுருதி கொடுத்தாள். "எல்லாரும் சேர்ந்து" என்றாள். அரங்கமே எழுந்து நின்று பாடியது, சுத்தமாக, ஒரே குரலாக. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடுகள் ஒரு வார்த்தை விடாமல் அசைந்தன. முன்வரிசைக்கு நாலடி தூரம்தான். அவரிடமிருந்து சத்தம் வரவில்லை.